கடற்காற்று முதல் புயல் வரை: காற்றைக் கிளப்புவது எது, வளைப்பது எது

ஜூன் தொடக்கத்தில் சென்னையில் வெயில் 41 டிகிரியைத் தொடும் நாட்களில் ஊரே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடற்காற்று ஏன் இன்னும் வரவில்லை? பள்ளிப் பாடத்தின்படி அன்றைக்குத்தான் அது சீக்கிரம் வர வேண்டும். நிலம் சூடானால் அதன் மேலுள்ள காற்று எழும். அங்கே ஏற்படும் வெற்றிடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் 37 டிகிரி வெயிலில் நண்பகலுக்கு முன்பே வந்துவிடும் காற்று, 41 டிகிரி நாளில் மூன்று மணியாகியும் வராது. சில நாள் வரவே வராது.

பாடத்தின் குறை அந்த வெற்றிடக் கதையில் இருக்கிறது. வளிமண்டலத்தில் வெற்றிடம் எங்கும் உண்டாவதில்லை. ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்களின் அழுத்தம் வேறுபட்டால் காற்று நகரும். வேறுபடாவிட்டால், தரை கொதித்தாலும் காற்று பக்கவாட்டில் நகராது. சூடு எப்படி அழுத்த வேறுபாடாக மாறுகிறது என்று புரிந்துகொண்டால் கடற்காற்றும் பருவக்காற்றும் ஒரே கணக்கின் இரண்டு அளவுகள் என்பது தெரியும். அதோடு பூமியின் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டால் புயல் வரை போய்விடலாம்.

தலைக்கு மேலே பத்து டன்

கடல் மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். பழைய அலகான மில்லிபாரிலும் இதே எண்தான். எடையாகச் சொன்னால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கு மேலேயும் ஏறத்தாழ 10,300 கிலோ காற்று நிற்கிறது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தது என்றால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலிருந்தும் சுமார் 10 கிலோ காற்று வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே தரை எவ்வளவு சூடானது என்று கேட்பதைவிட, மேலேயிருந்து எவ்வளவு காற்று வெளியேறியது என்று கேட்பதே பயன் தரும்.

கடற்கரை ஊர் ஒன்றின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு நிலத்துக்கு மேலும் கடலுக்கு மேலும் காற்று ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் முந்துகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். காய்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கடலில் வெளிச்சம் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலைகள் அந்தச் சூட்டைக் கீழே கலக்கிவிடுகின்றன. மண்ணிலோ ஒரு பகல் வெயில் சில பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால் பதினொரு மணிவாக்கில் நிலத்துக்கு மேலுள்ள முதல் ஒரு கிலோமீட்டர் காற்று, கடலுக்கு மேலுள்ளதைவிடச் சராசரியாக 5 டிகிரி கூடுதல் சூட்டோடு இருக்கலாம்.

சூடான காற்று விரியும். 5 டிகிரிக்கு ஏறத்தாழ 1.7 சதவீதம். ஒரு கிலோமீட்டர் உயரத் தூண் என்றால் 17 மீட்டர் உயர்ந்துவிடும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: தூண் உயர்ந்ததே தவிர அதன் எடை மாறவில்லை. தரையில் அழுத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நிலைமை வேறு. அந்த மட்டத்துக்கு மேலே இப்போது நிலப் பக்கம் காற்று அதிகம், கடல் பக்கம் குறைவு. வேறுபாடு கிட்டத்தட்ட 2 ஹெக்டோபாஸ்கல். ஆக, முதல் நகர்வு மேலேதான் தொடங்குகிறது, அதுவும் நிலத்திலிருந்து கடலை நோக்கி. அப்படி மேலே காற்று வெளியேறிய பிறகுதான் நிலத்துக்கு மேலுள்ள எடை குறைந்து தரையில் அழுத்தம் இறங்குகிறது. கடல் பக்கம் எடை கூடி அழுத்தம் ஏறுகிறது. கீழே உள்ள காற்று அதன் பின்னரே கரையை நோக்கிப் புறப்படுகிறது. நடைமுறையில் இந்த நிலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். ஆனால் காரண வரிசை இதுதான்.

50 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருந்தால், உராய்வு இல்லாதபோது ஒரு மணி நேரத்தில் காற்று வினாடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும். கரையில் நாம் அளக்கும் கடற்காற்று மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர். கணக்கும் களமும் ஒத்துப்போகின்றன. கடற்காற்றின் கனம் சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைதான். அதன் முன்விளிம்பு ஒரு தெருவைக் கடக்கும்போது சில நிமிடங்களில் வெப்பம் மூன்று நான்கு டிகிரி இறங்கும், ஈரப்பதம் சட்டென ஏறும்.

இப்போது ஜூன் மாதப் புதிருக்கு வரலாம். இந்தக் கடற்காற்றை எதிர்த்து மேற்கிலிருந்து இன்னொரு காற்று தள்ளிக்கொண்டிருந்தால்? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்தும். அழுந்துவதால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். சென்னைக்கு வந்து சேரும்போது அது வறண்ட, கொதிக்கும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. அதன் வேகம் வினாடிக்கு 8, 10 மீட்டரைத் தாண்டினால் கடற்காற்றின் முன்விளிம்பு கடலிலேயே நின்றுவிடும். ஆக 41 டிகிரியும் கடற்காற்றுத் தாமதமும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுக்கும் அந்த மேல்காற்றே காரணம். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் அதே மாதங்களில் வீசும் கச்சான் காற்றும் இந்த வகைதான்: மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்கி, சூடாகி, வறண்டு வருவது.

இரண்டும் சமபலத்தில் மோதும் நாட்களில் வேறொன்று நடக்கிறது. கடற்காற்று உள்ளே வந்து மேல்காற்றோடு முட்டும் இடத்தில் காற்று மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. திருத்தணி, ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கம் மாலையில் இடிமேகம் கட்டி, மேலே வீசும் மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து, இரவில் சென்னையில் கொட்டும். அறிக்கைகளில் ‘வெப்பச்சலன மழை’ என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

சரி, அந்த மேல்காற்று எங்கிருந்து வருகிறது? அதற்கு உலக அளவில் போக வேண்டும்.

சாய்ந்து விழும் வெயில்

வளிமண்டலத்தின் உச்சியில் சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பு 1,361 வாட் ஆற்றலைப் பெறுகிறது. பூமி உருண்டை என்பதால் எல்லா இடத்திலும் அது நேராக விழுவதில்லை. மார்ச் 21 நண்பகலில் நிலநடுக்கோட்டில் வெயில் செங்குத்து. 60 டிகிரி அட்சத்தில் அதே கதிர் இரண்டு மடங்கு பரப்பில் சாய்ந்து விழுவதால் பாதிதான் கிடைக்கும். ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால், இரு பக்கமும் சுமார் 35 டிகிரி அட்சம் வரை பூமி பெறும் வெப்பம் விண்வெளிக்குத் திருப்பி அனுப்புவதைவிட அதிகம். அதற்கு அப்பால் செலவு அதிகம். இந்த உபரியை வரவு குறைந்த இடத்துக்குக் கொண்டுபோகும் வேலையைக் காற்றும் கடல் நீரோட்டங்களும் செய்கின்றன.

கணக்கு கடற்காற்றின் கணக்கேதான். வெப்ப மண்டலத்தில் காற்றுத் தூண் உயரம், துருவத்தில் குட்டை. 1000 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் இடையிலான தடிமன் நம் தலைக்கு மேலே 5,800 மீட்டரை ஒட்டி இருக்கும். குளிர்காலத் துருவப் பகுதியில் 5,000 மீட்டரை ஒட்டி. எனவே உயரே போகப் போக, நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கித் தள்ளும் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. பூமி சுழலாமல் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்: மேலே துருவத்துக்குப் போகும் காற்று, கீழே நிலநடுக்கோட்டுக்குத் திரும்பும் காற்று, ஒவ்வொரு அரைக்கோளத்துக்கும் ஒரே ஒரு பெரிய சுற்று.

சுழற்சி செய்யும் வேலை

நிலநடுக்கோட்டில் நிற்பவர் அசையாமல் இருக்கும்போதே மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். சென்னையில் 1,627. 30 டிகிரி அட்சத்தில் 1,446. 60 டிகிரியில் 835. துருவத்தில் பூஜ்யம். வடக்கிலிருந்து நிலநடுக்கோடு நோக்கி வரும் காற்று, தன்னைவிட வேகமாகக் கிழக்கே ஓடும் தரைக்கு மேலே வந்து பின்தங்குகிறது. எனவே அது வடகிழக்கிலிருந்து வீசுவதாக நமக்குத் தெரிகிறது. 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி வணிகக் காற்றுகளுக்குச் சொன்ன விளக்கம் இது. இன்றும் பாடப்புத்தகங்களில் இதுதான் இருக்கிறது.

திசை சரி, அளவு பாதிதான். நகரும் காற்று காப்பாற்றிக்கொள்வது தன் வேகத்தை அல்ல, கோண உந்தத்தை, அதாவது சுழலும் வேகத்தையும் அச்சிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கினால் வரும் அளவை. அச்சை நெருங்க நெருங்க அது தன் பழைய வேகத்தோடு நிற்பதில்லை. இன்னும் வேகமாகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அமைதியாக இருந்த காற்று 30 டிகிரி அட்சத்துக்குப் போனால், ஹாட்லி கணக்கில் தரையைவிட மணிக்கு 224 கிலோமீட்டர் கூடுதலாகக் கிழக்கே ஓட வேண்டும். கோண உந்தக் கணக்கில் 480-ஐத் தாண்டும்.

இன்னொரு குறை: தெற்கு வடக்காகப் போகும் காற்றுக்கு மட்டுமே அந்த விளக்கம் பொருந்தும். கிழக்கே போகும் காற்றும் வளைகிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் வேகத்துக்கு மேல் அது இன்னும் வேகமாக அச்சைச் சுற்றுவதால் வெளியே தள்ளப்பட்டு நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்கிறது. மேற்கே போகும் காற்று பூமியைவிட மெதுவாகச் சுற்றுவதால் துருவப் பக்கம் சாய்கிறது. எந்தத் திசையில் போனாலும் வட அரைக்கோளத்தில் வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். சுழலும் இயந்திரங்களுக்காக 1835-இல் இந்தக் கணிதத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர் காஸ்பார்ட் கொரியோலிஸ் பெயரால் இது கொரியோலிஸ் விசை எனப்படுகிறது. வளிமண்டலத்துக்கு இதைப் பொருத்திக் காட்டியவர் அமெரிக்கரான வில்லியம் ஃபெரல், 1856-இல் தொடங்கி.

இந்த விசை காற்றின் வேகத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. திசையை மட்டுமே திருப்பும். காற்றைக் கிளப்பும் வேலை முழுக்க அழுத்த வேறுபாட்டுடையது. மேலும் இது மிகவும் பலவீனமான விசை. நீண்ட தூரம், நீண்ட நேரம் கிடைத்தால்தான் விளைவு தெரியும். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதற்கு இதைக் காரணம் காட்டும் காணொளிகள் ஏராளம். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரின் மீது சென்னையில் இந்த விசை புவியீர்ப்பில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. தொட்டியின் வடிவமும் குழாயைத் திறந்த விதமும்தான் சுழலும் திசையைத் தீர்மானிக்கின்றன.

கடற்காற்றில் இதை நேரடியாகவே பார்க்கலாம். சென்னையில் கிழக்கிலிருந்து நுழையும் காற்று, ஆறு மணி நேரத்தில் இந்த விசையால் மட்டும் சுமார் 40 டிகிரி வலப்பக்கம் திரும்பும். மதியம் கிழக்கிலிருந்து வீசியது மாலையில் தென்கிழக்கிலிருந்து வீசுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 45 டிகிரி அட்சத்தில் அதே ஆறு மணி நேரத்தில் 120 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். அங்கெல்லாம் மாலைக் கடற்காற்று கரைக்கு இணையாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால் உள்நாட்டுக்குள் அதிக தூரம் நுழைய முடிவதில்லை. நம் பக்கம் அது நெடுந்தூரம் உள்ளே போவதற்கு, சுழற்சியின் பிடி இங்கே தளர்வாக இருப்பதும் ஒரு காரணம்.

இந்தத் தளர்ந்த பிடிதான் தமிழ்நாட்டு வானிலையை ஐரோப்பிய வானிலையிலிருந்து பிரிக்கிறது. உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வுக்குப் புறப்படும் காற்று வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாழ்வை நோக்கிப் போகாமல் அதைச் சுற்றியே ஓடும். அழுத்தம் உள்ளே இழுக்க, சுழற்சி வெளியே இழுக்க, இரண்டும் சமம். தாழ்வு மண்டலங்கள் உடனே நிரம்பி மறையாமல் நாட்கணக்கில் உயிரோடு இருப்பது இதனால்தான். 100 கிலோமீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருந்தால் இந்தச் சமநிலைக்குத் தேவையான வேகம் 45 டிகிரி அட்சத்தில் மணிக்கு 29 கிலோமீட்டர். சென்னை அட்சத்தில் 90. உராய்வு இதை நன்றாகவே குறைத்துவிடும் என்றாலும் விகிதம் முக்கியம்: அங்கே 3 ஹெக்டோபாஸ்கல் செய்யும் வேலையை இங்கே ஒன்று செய்துவிடும். பிரிட்டன் வரைபடங்களில் சமஅழுத்தக் கோடுகள் 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒன்றாகவும் இந்திய வரைபடங்களில் 2-க்கு ஒன்றாகவும் வரையப்படுவதற்குப் பின்னால் இந்த வித்தியாசம் இருக்கிறது.

நிலநடுக்கோட்டிலேயே இந்தப் பிடி பூஜ்யம். அங்கே தாழ்வு உருவானால் காற்று நேராக உள்ளே புகுந்து சில மணி நேரத்தில் நிரப்பிவிடும். புயல்கள் பொதுவாக 5 டிகிரிக்குள் உருவாவதில்லை. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே 1.5 டிகிரியில் உருவாகி ஜொகூரில் கரைகடந்த வாமெய் மிக அரிதான விலக்கு.

ஏன் ஒரே சுற்றாக இல்லை

நிலநடுக்கோட்டுப் பகுதியில் இடிமேகங்கள் வழியாக 15, 16 கிலோமீட்டர் உயரம் வரை எழும் காற்று, மேலே துருவம் நோக்கிப் புறப்படுகிறது. போகப் போகக் கோண உந்தம் அதைக் கிழக்கே விரட்டுகிறது. 30 டிகிரியை எட்டும்போது அது ஜெட் காற்றோட்டமாகிவிட்டது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். இவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் ஓடும் காற்று அதற்கு மேல் ஒழுங்காக வடக்கே போக முடியாது. அது நெளிந்து, முறிந்து, சுழல்களாகச் சிதறுகிறது. மிச்ச வெப்பத்தைத் துருவம் வரை கொண்டுபோவது அந்தச் சுழல்கள்தான். 30 டிகிரியை ஒட்டிக் கீழே இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி மேகங்களைக் கரைத்துவிடும். சகாராவும் அரேபியப் பாலையும் அங்கே இருப்பது அதனால். இறங்கிய காற்றில் ஒரு பகுதி நிலநடுக்கோட்டுக்குத் திரும்புகிறது. அதுதான் வணிகக் காற்று.

ஒவ்வொரு அரைக்கோளத்திலும் மூன்று சம அளவுச் சுற்றுகள் வரைந்த படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அதில் முதல் சுற்று உண்மையானது. நடுவில் உள்ளது எந்த ஒரு நாளிலும் வானத்தில் காணக்கூடிய சுற்று அல்ல. வந்து போகும் நடு அட்சப் புயல்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது. மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லை தாண்டி வரும் காற்று

ஜூலையில் தென் இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளுக்குத் தெற்கே அழுத்தம் 1020 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல். பாகிஸ்தான், ராஜஸ்தான் பகுதியில் 1000-க்குக் கீழே. இந்தச் சரிவில் தென்கிழக்கு வணிகக் காற்று வடக்கே இழுக்கப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மலைகள் மேற்கே ஒரு சுவராக நிற்பதால் அது கென்யா, சோமாலியா கரையோரம் ஒடுங்கிப் பாய்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் இடப்பக்கத் திருப்பம் வலப்பக்கத் திருப்பமாக மாறிவிடும். தென்கிழக்கிலிருந்து வந்த காற்று தென்மேற்குக் காற்றாகி அரபிக்கடலைக் கடக்கிறது. ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்தில் இதன் மையம். ஜூலையில் சராசரியாக மணிக்கு 55 முதல் 70 கிலோமீட்டர். காற்று வரைபடச் செயலிகளில் அந்த உயரத்தைக் குறிக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் சோமாலியாவிலிருந்து கேரளா வரை இந்த வில் பளிச்சென்று தெரியும். ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் பருவமழை தொடங்குமா என்று பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எட்மண்ட் ஹாலி 1686-இலேயே பருவக்காற்றை நிலமும் கடலும் வேறுவேறாகச் சூடாவதன் விளைவாக விளக்கினார். அது பாதிக் கதை. நிலம் மிகச் சூடாக இருப்பது மே மாதத்தில்; காற்று உச்சம் தொடுவது ஜூலையில், மழையால் நிலம் குளிர்ந்த பிறகு. காரணம், நிலச்சூடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரைதான் எட்டும். பருவமழை தொடங்கிய பிறகு நீராவி மழையாகும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் 25 லட்சம் ஜூல் வெப்பம் நடு வளிமண்டலத்தில் வெளிப்படுகிறது. ஒரு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது 10 கிலோ தண்ணீர். அது விட்ட வெப்பம் அந்தப் பத்து டன் காற்றுத் தூண் முழுவதையும் 2.5 டிகிரி சூடாக்கப் போதும். தூண் உயர்கிறது, மேலே காற்று வெளியேறுகிறது, கீழே அழுத்தம் இறங்குகிறது, இன்னும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. வெயில் தொடங்கிவைப்பதை மழை நடத்திச் செல்கிறது.

மேலே வெளியேறும் அந்தக் காற்று தெற்கே புறப்பட்டு வலப்பக்கம் திரும்பி மேற்கே ஓடுகிறது. 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட சென்னையின் அட்சத்தில், மணிக்கு 100 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இந்தக் கிழக்கு ஜெட் காற்றை இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் விளக்கினார். ஆடி மாதத்தில் தரையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு நேர் மேலே அதற்கு எதிர்த்திசையில் இது போய்க்கொண்டிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும் தென்மேற்குக் காற்றுக்குச் சில இடங்களில்தான் எளிதான வழி உண்டு: பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பக்கம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். இருபுறமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் மலைகள். ஒடுங்கும் இடத்தில் காற்று வேகம் பிடிக்கிறது. காற்றாலைகள் பல்லடம், உடுமலை, தேனி, தென்காசி, முப்பந்தல் என்று இந்த வாய்களுக்கு எதிரே நிற்பது தற்செயல் அல்ல. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கம்: வினாடிக்கு 6 மீட்டர் 9 ஆனால் ஆற்றல் 3.4 மடங்கு. இதன் மறுபக்கம்தான் மின்வாரியத்துக்குத் தலைவலி. வேகக் கணிப்பில் 10 சதவீதம் பிசகினால் உற்பத்திக் கணிப்பில் 30 சதவீதம் பிசகும். விசிறி சுழலத் தொடங்குவது வினாடிக்கு 3 மீட்டரை ஒட்டி. முழு உற்பத்தி 12-ஐ ஒட்டி. 25-ஐத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

அக்டோபரில் சூரியன் தெற்கே போய்விட, வெப்ப மையமும் தெற்கே நகர்கிறது. ஆசியாவின் வடக்கே குளிர்ந்து கனத்த காற்று தேங்குகிறது. இமயமலை அதன் நேர் வழியை அடைத்துவிடுவதால், நமக்கு வருவது வங்கக் கடலைக் கடந்து ஈரம் ஏந்திய வடகிழக்குக் காற்று. வாடை தொடங்கிவிட்டது என்று மீனவர்கள் சொல்வது இதை.

அழுத்தமானியை வாசிக்கும் முறை

இனி நடைமுறை. 1857-இல் டச்சு அறிஞர் பைஸ் பாலட் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கும்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம். தரைக்கு அருகே உராய்வு காற்றை மெதுவாக்குகிறது. வேகம் குறைந்தால் திருப்பும் விசையும் குறைகிறது. அழுத்தம் வென்று, காற்று தாழ்வுக்குள் சற்றே சாய்ந்து நுழைகிறது. கடலில் 10 முதல் 20 டிகிரி, நிலத்தில் 30, 40 டிகிரி. ஆகவே தாழ்வின் மையம் இடப்பக்கம் சற்று முன்னால் இருக்கும். நாலாபுறமும் இப்படி உள்ளே நுழையும் காற்று மேலே எழுந்தே ஆக வேண்டும். தாழ்வு வந்தால் மழை வருவது அதனால்.

நவம்பரில் சென்னையில் வடக்கிலிருந்து காற்று வீசினால் தாழ்வு கிழக்கே, கடலில். இதோடு அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பல கைப்பேசிகளில் அழுத்த உணரி இருக்கிறது. ஆனால் எண்ணை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். 8, 9 மீட்டர் உயரம் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்றாம் மாடிக்குப் போனாலே தாழ்வு வந்ததுபோல் தெரியும். இரண்டாவது, நம் அட்சங்களில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை 10, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். மாலை 4, அதிகாலை 4-ஐ ஒட்டித் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கமே 3, 4 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். காலை பத்து மணி எண்ணையும் மாலை நான்கு மணி எண்ணையும் ஒப்பிட்டுப் புயல் வருகிறது என்று பதறுபவர்கள் பார்ப்பது இதைத்தான். சரியான வழி, ஒரே இடத்தில், நேற்று இதே நேரம் இருந்த எண்ணோடு ஒப்பிடுவது. அப்படிப் பார்த்து 3, 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால், நம் அட்சத்தில் அது பெரிய இறக்கம். வானிலை மைய அறிவிப்புக்கு இது மாற்று அல்ல. அறிவிப்பைப் புரிந்துகொள்ள உதவும்.

புயல் நெருங்கும்போது காற்றுத் திசை மாறும் விதம் மையம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயல் உங்களுக்குத் தெற்கே கரைகடந்தால், காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று வலஞ்சுழியாகத் திரும்பும். கடலிலிருந்து நிலம் நோக்கி அடிக்கும் காற்று இது. கடல் நீரைக் கரைமேல் ஏற்றும் ஆபத்தான பக்கம். மையம் உங்களுக்கு வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று இடஞ்சுழியாகத் திரும்பும். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் நீரேற்றம் குறைவு. திசை மாறாமல் வடக்கிலிருந்தே காற்று வலுத்துக்கொண்டு போய், அழுத்தமும் இறங்கிக்கொண்டே இருந்தால் மையம் உங்களை நோக்கி நேராக வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னை மீது கரைகடந்தது இப்படித்தான். கண் கடக்கும்போது காற்று அடங்கும். 20 கிலோமீட்டர் அகலக் கண் மணிக்கு 18 கிலோமீட்டர் நகர்ந்தால், நடுக்கோட்டில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் தளர்ந்து நின்ற மரங்களும், தெற்குப் பக்கம் முட்டுக்கொடுத்த தகரக் கூரைகளும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடி வாங்குவது அப்போதுதான். விழுந்த கிளையை அகற்ற, வண்டியை நகர்த்த என்று அந்த இடைவெளியில் வெளியே வரக் கூடாது.